சுற்றிப் போன வழி

மாதா காலனி,
காட்டுப்புதூர்.
4.8.2024, ஞாயிறு

ஜெரோமுக்கு,

அக்கா கிருபாவதி எழுதுவது. முஜீப் உன் விலாசத்தைக் கொடுத்தான். உடுமலைப் பக்கம் கரண்ட் எடுக்கிற காற்றாடிகளுக்குக் காவல் இருக்கிறாய் என்று சொன்னான். இருந்துகொள்.

அன்புள்ள என்று போடவில்லை. கை வரவில்லை. ஐந்தாவது வரைக்கும் படித்தவள், தப்பு இருக்கும். படித்துக்கொள்.

நீ ஞாயிறு தவறாமல் பதினோரு மணிக்கு போன் அடிக்கிறாய். நான் எடுப்பதில்லை. கோபத்தில் எடுக்கவில்லை என்று நினைத்திருப்பாய். கோபமும் இருக்கிறது. ஆனால் காரணம் அது இல்லை. என் பட்டன் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துவிட்டது. இப்போது வீட்டில் இருப்பது ஜோவிதாவின் போன். அதைத் திறக்க புள்ளிகளின் மேல் ஒரு கோடு இழுக்க வேண்டும். அது எனக்குத் தெரியாது. அவள் இழுக்கிற வேகத்தில் யார் பார்த்தது? கடையில் கொடுத்தால் திறந்து தருகிறேன் என்கிறார்கள், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடுமாம். வேண்டாம் என்றுவிட்டேன். அதனால் நான் யாரையும் கூப்பிட முடியாது. வருவதை எடுக்கலாம்.

எடுக்காததற்குக் காரணம் அந்தப் பாட்டு. கோயிலில் கீபோர்டு வாசித்துப் பழகினாளே, அதைப் பதிவு பண்ணி ரிங்டோனாக வைத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் நன்றாகப் போகும், அப்புறம் ஒரு கட்டை மாறி அடித்துவிட்டு, "அய்யோ, தப்பு தப்பு" என்று சிரிப்பாள். எடுத்தால் அந்தச் சிரிப்பு வராது. நீயோ பாதியில் வைத்துவிடுகிறாய். முழுதும் அடிக்க விடு. இதைச் சொல்லத்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. நம் காலனியை மாநகராட்சியில் சேர்க்கப் போகிறார்கள் என்று கதவுக்கெல்லாம் நம்பர் ஒட்டினார்கள். பூட்டிக் கிடக்கிற உன் வீட்டுக்கும் ஒட்டியிருக்கிறது. தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தரம்தான். குட்டையில் எந்த ஊர்க் குப்பையையோ லாரி கொண்டுவந்து கொட்டி எரிக்கிறார்கள், புகை அப்படியேதான். நான் ஐடி கம்பெனியில் கூட்டித் துடைக்கப் போய் வருகிறேன். பதினான்கு மாடியும் கண்ணாடி. பதினோராவது மாடியில் நின்றால் நம் கோயில் கோபுரம் தெரிகிறது, வில்லாக்காரர்களின் கேட் தெரிகிறது, அதற்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்து மதில் தெரிகிறது. அந்த ஜன்னலை மட்டும் வேறு ஆளைத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அவள் போய் எட்டு மாதம் ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் எழுது. போன நவம்பர் இருபத்தாறாம் தேதி, ஞாயிறு, மத்தியானம் மூன்று மணிக்கு நீ வில்லா கேட்டில் டூட்டியில் இருந்தாயா? இருந்தேன், இல்லை. ஒரு வார்த்தை போதும்.

கிருபாவதி


காற்றாடிக் காவல் அறை,
உடுமலை வழி.
14.8.2024

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி ஜெரோம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். திட்டி எழுதியிருந்தாலும் பரவாயில்லை, எழுதினீர்களே.

போன பதினோராம் தேதி முழுதும் அடிக்கவிட்டேன், அக்கா. தானாகவே நிற்கும்வரை காதில் வைத்திருந்தேன். இந்தப் பக்கம் எனக்கு வெறும் மணிச் சத்தம்தான் கேட்கும். அந்தப் பக்கம் பாப்பா சிரிக்கிறாள் என்று தெரியாமல் இத்தனை மாதம் பாதியில் வைத்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். இனி ஒரு ஞாயிறும் பாதியில் வைக்க மாட்டேன்.

இங்கே ஆடிக் காற்று. இருபத்திரண்டு காற்றாடி, அதில் ஏழு என் பொறுப்பு. கம்பி திருடு போகாமல் பார்க்க வேண்டும், ஆடு மேய்க்கிறவர்கள் வேலிக்குள் வந்தால் சொல்ல வேண்டும். யார் வந்தாலும் திருப்பி அனுப்புகிற வேலை இங்கே இல்லை. வர ஆளே இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லைங்க அக்கா. அந்த நேரம் நான் கேட்டில் இல்லை. பதினான்காம் நம்பர் வில்லாவில் இரும்புக் கட்டில் ஒன்றை மாடிக்கு ஏற்ற வேண்டும் என்று கூப்பிட்டார்கள். இரண்டே முக்காலுக்குப் போனவன் மூன்றரைக்குத்தான் திரும்பினேன். கேட்டில் ரோஹன் என்று ஒரு ஒடிசாக்காரரை நிறுத்திவிட்டுப் போனேன். அவருக்கு நம் ஆட்களைத் தெரியாது, தமிழும் வராது. செயலியில் வில்லாக்காரர் சம்மதம் வந்தால்தான் திறக்க வேண்டும் என்பதைப் படித்து வைத்திருந்தார். நீங்கள் வந்திருந்தாலும் அவர் திறந்திருக்க மாட்டார்.

அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்காதது என் தப்பு. பாப்பாவுக்கு வீசிங் என்பது தெரிந்தவன் நான்தான். குப்பைப் புகை அடிக்கிற நாள் அது என்பதும் தெரியும். கட்டில் தூக்கப் போனேன். வேறு என்ன சொல்வது? காலனியில் எல்லாரும் என்னைப் பற்றிச் சொல்வது சரிதான்.

ஒரே ஒரு வேண்டுதல். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். பாப்பாவுக்கு முதல் வருஷம். தாய்மாமன் நான் ஒரு மெழுகுவத்தி வைக்க வேண்டாமா? நீங்கள் சரி என்றால் மட்டும் வாரேன். வேண்டாம் என்றால் வர மாட்டேன்.

உங்கள் தம்பி,
ஜெரோம்


மாதா காலனி
1.9.2024, ஞாயிறு

ஜெரோமுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. இல்லை என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அன்றைக்கு இரண்டு தட்டு சோறு தின்றேன். உனக்கு விளங்காது. அவள் போன பிறகு வயிறாரத் தின்றது அன்றைக்குத்தான். விடியும்வரை தூங்கினேன். எழுந்து உட்கார்ந்ததும் சீ என்று ஆயிற்று. வேலைக்குப் போகவில்லை.

இன்று பதினோரு மணிக்கு முழுதும் அடித்தது. கேட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில், வர வேண்டாம். வில்லாவுக்குள்ளே போகிற கல்லறைத் தடத்தைப் பூட்டிவிட்டார்கள். நவம்பர் இரண்டு அன்றைக்கு மட்டும் மூன்றிலிருந்து ஐந்து மணி வரை விடுவார்களாம், அதுவும் பேர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கல்லறைக்குப் போக லிஸ்ட்! ஃபாதர் ஒவ்வொரு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் என் பேரை மட்டும் கொடுத்தேன்.

ஏன் என்று கேட்பாய். அந்த அக்டோபர் மாதத்துச் சங்கதியை நான் மறக்கவில்லை. நீ மறந்திருப்பாய். ரேஷன் அரிசியும் பையுமாக சத்தி ரோட்டில் பஸ் இறங்கி வருகிறேன், ஜோவிதா பின்னால் வருகிறாள். சின்ன வயசிலிருந்து நடந்த தடம். நீயும் நானும் அந்தக் காட்டில் களை வெட்டியபோது அது வண்டித் தடம், இப்போது தார் போட்டு, பூச்செடி வைத்து, கதவு வைத்திருக்கிறார்கள். உன் பக்கத்தில் செக்ரட்டரி லட்சுமணசாமி நின்றுகொண்டிருந்தார். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு என்ன சொன்னாய்?

"ஏம்மா, எத்தன வாட்டி சொல்றது? இது உங்க வழியில்ல. சுத்திப் போ."

அக்கா இல்லை, ஏம்மா. போங்க இல்லை, போ. நாற்பத்தாறு வயசில் என் தம்பி வாயில் முதல் தரம் அதைக் கேட்டேன். பூ விற்கிறவளுக்குக்கூட ஒரு ங்க போட்டுப் பேசுகிறவன் நீ. அவர் கேட்டார், "தெரிஞ்சவங்களா ஜெரோம்?" நீ சொன்னாய், "இல்லீங்க சார்."

பேதுரு ஏசுவைத் தெரியாது என்று மூன்று தரம் சொன்னார். நீ ஒரு தரம்தான் சொன்னாய், எனக்கு அது போதும். அரிசி மூட்டையோடு எட்டு கிலோமீட்டர் குவாரி ரோட்டில் சுற்றி வந்தேன். வழியெல்லாம் ஜோவிதா, "மாமா சும்மாதாம்மா சொன்னாரு, அந்தாளு நின்னாருல்ல" என்று உனக்குப் பரிந்து பேசிக்கொண்டு வந்தாள். "உன்ற மாமன் இனி நமக்கு இல்ல" என்று சொன்னேன்.

எழுத வேண்டும் என்று எழுதிவிட்டேன். மனசில் வேறு ஒன்று இருக்கிறது. அது வரவில்லை.

கிருபாவதி


உடுமலை வழி
20.9.2024

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

நான் மறக்கவில்லைங்க அக்கா. அன்றைக்கு டூட்டி முடிந்து வந்து உங்கள் வாசலில் நின்றேன். நீங்கள் கதவைத் திறக்கவில்லை. பாப்பாதான் ஜன்னல் வழியாக, "நாளைக்கு வாங்க மாமா, இன்னைக்கு அம்மா கொதிக்கிது" என்று சிரித்தாள்.

சமாதானம் சொல்வதாக நினைக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முந்தின வாரம் செக்ரட்டரி எனக்கு மெமோ கொடுத்திருந்தார். காலனி ஆட்களை விடுகிறேன் என்று கேமராவில் பார்த்து எழுதியிருந்தார்கள். இன்னொரு தரம் என்றால் வேலை இல்லை. நான் என்ன கணக்குப் போட்டேன் என்றால், நான் போய்விட்டால் அந்தக் கதவில் நமக்கு ஆள் இல்லை. ஒரு அவசரம் ஆத்திரம் என்றால் திறக்க நான் அங்கே இருக்க வேண்டும். அதற்காக ஒரு நாள் உங்களைத் தெரியாது என்று சொல்லிவிடலாம், சாயங்காலம் வந்து காலில் விழுந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அக்காதானே என்று நினைத்தேன். வேறு யாரையாவது இருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டேன்.

வேண்டாம் என்றீர்கள், வரவில்லை. இங்கே இருந்தே மெழுகுவத்தி வைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயம். வேலையை விட்டு வந்த அன்று கேபினில் இருந்த என் சாமான்களை ஒரு பையில் போட்டு எடுத்து வந்தேன். விசில், டார்ச், சீப்பு, பாப்பாவின் இன்ஹேலர். போன வாரம்தான் அந்தப் பையைப் பிரித்தேன். இன்ஹேலர் இருந்தது உங்களுக்குத் தெரியாது. காலேஜ் திறந்த ஜூன் மாதம் அவளே கொண்டுவந்து மேசை டிராயரில் போட்டாள். "பஸ்ஸெறங்கி வாரப்ப மூச்சு முட்டுனா இங்கயே அடிச்சுக்கறன் மாமா. அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க, பயந்துக்கும்" என்றாள். மூன்று நான்கு தரம் வந்து அடித்துக்கொண்டு, என் நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். கதவைத் திறந்து மூடுவதைப் பார்த்து, "மாமா, உங்களுக்கு சல்யூட் அடிக்கவே வர்ல" என்று கேலி பண்ணுவாள்.

நீல நிறம். பின்னால் எண் காட்டுகிறது. நூற்றுப் பன்னிரண்டு என்று நிற்கிறது. அவ்வளவு தரம் இன்னும் அடிக்கலாம். அவள் கை பட்ட பொருள். உங்களுக்கு வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன்.

உங்கள் தம்பி,
ஜெரோம்


மாதா காலனி
6.10.2024, ஞாயிறு

தம்பி ஜெரோம்,

உன் கடிதத்தைப் படித்து எட்டு நாள் ஆகிறது. எட்டு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இன்று பதினோரு மணிக்கு நீ அடித்தாய். அவள் "தப்பு தப்பு" என்று சொல்லி முடித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

அன்றைக்கு நாங்கள் உன் கேட்டுக்கு வரவே இல்லை.

காலையில் பூசைக்குப் போய் வந்தாள். அப்போதே புகை. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்து உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் விசில் மாதிரி சத்தம். வீட்டில் இருந்த இன்ஹேலரை அடித்தாள். வெறும் காற்றுதான் வந்தது. தீர்ந்துபோனது என்னிடம் சொல்லவில்லை. சத்தி ரோட்டு கிளினிக்கில் முகத்துக்கு மாஸ்க் வைத்து மருந்துப் புகை விட்டால் சரியாகிவிடும், எத்தனை தரம் போயிருக்கிறோம்! முஜீப் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். நான் அவளைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

டிரான்ஸ்பார்மர் இருக்கிற பிரிவில் முஜீப் வண்டியை மெதுவாக்கினான். நேராகப் போனால் உன் கேட். இடது பக்கம் குவாரி ரோடு. "அக்கா, ஜெரோமண்ணன் கேட்டு வழியா உட்டுரட்டுமா?" என்று கேட்டான். அவள் கையைத் தூக்கி நேராகக் காட்டினாள். "மாமா" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும், "மாமாகிட்ட" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியாதுன்னு சொன்னவன்கிட்டப் போயி என்ற புள்ளைக்காக நிக்க மாட்டேன். நீ சுத்திப் போ முஜீப்."

முஜீப் திரும்பிப் பார்த்தான். "ரோடு வெட்டிப் போட்டிருக்குதுக்கா" என்றான். "போன்னா போ" என்றேன். போனான்.

சாக்கடைக் குழாய் போட வெட்டிய பள்ளத்தில் ஒரு டிப்பர் சாய்ந்து நின்றது. அந்தப் பக்கமும் போக முடியாது, பின்னாலும் வண்டிகள் வந்துவிட்டன. அவளை இறக்கித் தூக்கிக்கொண்டு நடந்தேன். முஜீப் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவள் கால் ஒரு செருப்போடு இழுத்துக்கொண்டு வந்தது. இன்னொரு செருப்பு எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. கல் லோடு ஏற்றப் போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். கிளினிக் படியில் வைத்தபோது விசில் சத்தம் இல்லை. சத்தம் நின்றுவிட்டதே, சரியாகிவிட்டது என்று நினைத்தேன் ஜெரோம். அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் பெட்டியைத் தூக்கி வந்தபோது நீ கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து வந்ததோ. "இன்னைக்குத் தொறக்கறயே, நேத்துத் தொறந்திருந்தா எம்புள்ள நடந்து போயிருக்குமேடா" என்று கத்தினேன். முந்தின நாள் நீ எங்களுக்குக் கதவைத் திறக்கவில்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். உன்னை மண் போடவிடவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை. முஜீப்புக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை அவன். என் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் இல்லை.

ஆகஸ்டில் உன்னிடம் எதற்குக் கேட்டேன் என்று இப்போது விளங்குகிறதா? நீ அங்கே இல்லை என்றால், நேராகப் போயிருந்தாலும் கதவு திறந்திருக்காது. அப்படி இருந்தால் நான் சுற்றிப் போகச் சொன்னதால் ஒன்றும் கெடவில்லை. அதற்காகத்தான் கேட்டேன். நீ இல்லை என்று எழுதினாய். சோறு தின்றேன்.

இப்போது டிராயர் என்று எழுதுகிறாய். அவள் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. மாமாகிட்ட மருந்து இருக்கிறது என்று சொன்னாள். முழுதாகச் சொல்ல மூச்சு இல்லை. நான் அதற்குள் பேசிவிட்டேன்.

என்ன செய்வேன்?

அக்கா


உடுமலை வழி
16.10.2024

கிருபாவதிக்கு,

நான் இருந்தேன்.

கட்டில் தூக்கியது சனிக்கிழமை. ஞாயிறு மத்தியானம் ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரை கேட்டில் நான் ஒருவன்தான். ரோஹனுக்கு அன்று லீவு. வில்லாக்காரர்கள் எல்லாரும் தூங்குகிற நேரம். ஒரு வண்டி வரவில்லை. மயில் ஒன்று சுவர்மேல் உட்கார்ந்திருந்தது. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் யாரும் வரவில்லை என்று எனக்கு அன்றே தெரியும். காலனியே என் முகத்தில் காறித் துப்பியபோதும் தெரியும். அக்கா பதட்டத்தில் மறந்துவிட்டது, இப்போது யாரையாவது திட்டினால்தான் உயிரோடு இருக்கும், என்னைத் திட்டட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஊரைவிட்டு வந்தேன். இருந்தாயா என்று நீ கேட்டு எழுதியபோது, இருந்தேன் என்று சொன்னால் உன்னால் தாங்க முடியாது என்று கட்டிலை ஒரு நாள் தள்ளி எழுதினேன்.

மறந்துவிட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். மறக்கவில்லை. அவள் கையைக் காட்டியிருக்கிறாள். என் பேரைச் சொல்லியிருக்கிறாள். இரண்டு தரம் சொல்லியிருக்கிறாள்.

டிராயருக்குப் பூட்டே கிடையாது. டிரான்ஸ்பார்மர் பிரிவிலிருந்து கேட்டுக்கு ஆட்டோவில் ஒரு நிமிஷம்.

நான் உன்னைத் தெரியாது என்றது தப்பு. அந்தத் தப்புக்கு நீ என்னை அடித்திருக்கலாம். அவளை எதற்கு?

இன்ஹேலரை அனுப்ப மாட்டேன். இனி எழுத வேண்டாம்.

ஜெரோம்


மாதா காலனி
3.11.2024, ஞாயிறு

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். இது ஒன்று மட்டும்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஞாயிற்றுப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கேட்டுக்குப் போகவில்லை, நான்தான் சுற்றிப் போகச் சொன்னேன், ஜெரோம் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருந்திருக்கும். ஒருத்தி என் தோளைத் தட்டி, "உடு, கண்ணு" என்றாள். அப்புறம் அவரவர் வீட்டுக்குப் போய் சோறு ஆக்கினார்கள். முஜீப் மட்டும் என்னை வீடு வரைக்கும் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டான். இறங்கும்போது, "சொல்லிப்போட்டீங்க, நல்லதுக்கா" என்றான். அழுதான்.

ஃபாதரிடம் போய் லிஸ்டில் உன் பேரைச் சேர்க்கச் சொன்னேன். கடைசிப் பேர் உன் பேர்தான்.

நேற்று மூன்று மணிக்குப் போனோம். நாற்பது பேர் இருப்போம், பூவும் மெழுகுவத்தியுமாக வெயிலில் வரிசையாக நின்றோம். லிஸ்ட் இருந்தாலும் நோட்டிலும் எழுத வேண்டுமாம். ரோஹன்தான் இருந்தான். இப்போது தமிழ் கொஞ்சம் பேசுகிறான். ஒவ்வொருவராகப் பேர் கேட்டு எழுதினான். எனக்கு முன்னால் நின்றவர்களெல்லாம் கல்லறை, கல்லறை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் முறை வந்தது.

"பேரு?"

சொன்னேன்.

"யாரைப் பாக்கணும்?"

"ஜோவிதா" என்றேன்.

எழுதினான். "எந்த வில்லா?" என்று கேட்டான். பழக்கத்தில் கேட்டுவிட்டான் பாவம். கேட்ட பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "உள்ள போங்கம்மா" என்று எழுந்து நின்றான்.

நான் உடனே போகவில்லை. கேபின் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். நீ உட்கார்ந்த நாற்காலி இருக்கிறது. மேசை இருக்கிறது. டிராயர் பாதி திறந்து கிடந்தது. உள்ளே பிஸ்கட் பாக்கெட்டும் பேனாவும் கிடந்தன. வெளியே நின்று கையை விட்டுப் பார்த்தேன். எட்டுகிறது ஜெரோம். ஆட்டோவை விட்டு இறங்க வேண்டியதுகூட இல்லை.

அவளுக்குப் பூ வைத்தேன். என் மெழுகுவத்தியை ஏற்றினேன். உனக்கென்று ஒன்று வாங்கியிருந்தேன், அதை ஏற்றவில்லை. ஐந்து மணி வரை வைத்துக்கொண்டே இருந்தேன். காற்றில்லை, புகையும் இல்லை. நல்ல நாளாக இருந்தது நேற்று. எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். கதவைப் பூட்ட வேண்டும் என்று ரோஹன் வந்து நின்றான். லிஸ்டைப் பார்த்து, "ஜெரோம் அண்ணா வரலையா?" என்று கேட்டான். உன் பேருக்கு நேராக டிக் போடாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அந்த மெழுகுவத்தி வீட்டில் இருக்கிறது.

என்னை மன்னிக்கச் சொல்லி உன்னைக் கேட்கவில்லை. நானே என்னை மன்னிக்கவில்லை, நீ எதற்கு? நீ என்னை அக்கா என்று கூப்பிடவும் வேண்டாம். பேரைச் சொல்லியே கூப்பிடு, நீ என்று எழுது.

இன்று காலையிலிருந்து போனைச் சார்ஜில் போட்டு எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பதினொன்று ஆயிற்று. அடிக்கவில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து இது மூன்றாவது ஞாயிறு. இப்போது மணி நான்கு.

எடுப்பதில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். இனி நீ அடித்தால் உடனே எடுத்துவிடுகிறேன். எடுத்தால் அவள் சிரிப்பு வராது, தெரியும். வர வேண்டாம். நீ அந்தப் பக்கம் பேசாமல் இருந்தாலும் சரி.

அடுத்த ஞாயிறும் உட்கார்ந்திருப்பேன்.

கிருபாவதி